இறுமாப்புக்கு மூன்றாவது சீட்டு

காலை பத்தே காலுக்கு, எங்கள் அலுவலகத்தில் பக்கம் அமைக்கிற என் கொழுந்தன் என் மேஜையில் ஒரு பக்கத்தைப் போட்டுவிட்டு நகராமல் நின்றான்.

"நாலு மணிக்குப் பக்கத்தைப் பூட்டிடுவேன் அண்ணி. இரண்டாம் பொருளோட ஏழு வரி உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க. உண்டுன்னா உண்டு. இல்லைன்னா அடுத்த சொல்லை மேல தூக்கிடுவேன்."

பக்கத்தின் நடுவில் என் சொல் இருந்தது. இறுமாப்பு. முதல் பொருள், மூன்று மேற்கோள். அதன் கீழே இரண்டாம் பொருள், இரண்டு மேற்கோள். ஓரத்தில் எங்கள் பதிப்பாசிரியர் மேடம் பென்சிலால் எழுதியிருந்தார்: "மூன்றாவது எங்கே? இல்லையேல் நீக்குக. நீக்கினால் மிஞ்சுவது செருக்குதான். எனவே முழுப் பதிவையும் எடுத்துவிட்டு, காண்க: செருக்கு."

நான்கு வருஷ வேலை இரண்டு சொல்லாகச் சுருங்கிக் கிடந்தது. என்னிடம் கேள்வி கேட்கிறவர்கள் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். கொழுந்தனுக்கு இது பழக்கம். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நாலு மணிதானே?" என்றேன் கடைசியில்.

"நாலுன்னா நாலு. அச்சகத்துல இருந்து ஆள் வந்து உட்கார்ந்துக்குவார். அந்த மனுஷன் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

நாங்கள் அகராதி செய்கிறவர்கள். கடந்த நூற்றைம்பது வருஷத்து உரைநடைக்கு மட்டுமான அகராதி. பாட்டு எங்கள் எல்லைக்குள் வராது. இந்த அலுவலகத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்று சொல்ல வேண்டுமானால், மூன்று வெவ்வேறு புத்தகங்களிலிருந்து மூன்று சீட்டுகள் வேண்டும். உள்ளங்கை அளவு தாள். அதில் வாக்கியம், புத்தகம், பக்க எண், எடுத்தவரின் குறி. எந்தச் சொல்லுக்காக எடுத்தோமோ அதற்குக் கீழே கோடு, சீட்டு போவதும் அந்தச் சொல்லின் பெட்டிக்குத்தான். இரண்டு சீட்டு இருந்தால் ஆசை. மூன்று இருந்தால்தான் பொருள். மேடம் இப்படித்தான் சொல்வார்.

பெருமை பிடித்த சொற்களெல்லாம் எப்படியோ என் தலையில் வந்து விழுந்தன. அகந்தை முடிந்துவிட்டது. ஆணவமும் முடிந்துவிட்டது. அவற்றில் சிக்கல் இல்லை, நான் நான் என்று அவை தாமே வழி காட்டிவிடும். திமிர் உடம்பில் ஏறுகிறது. வீறாப்பு சண்டை போட்ட பிறகு வருகிறது. செருக்குக்கு ஒரு பிடிமானம் வேண்டும். வயசோ, படிப்போ, பதவியோ ஏதாவது ஒன்று. இறுமாப்பு மட்டும் எதிலும் அடங்காமல் என்னை அலைக்கழித்தது. அது கழுத்துக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பழைய பாட்டுகளில் அது சந்தோஷத்தால் நிமிர்வதற்கும் வந்திருக்கிறது. அது படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். என் கேள்வி அதுவல்ல. அந்தச் சந்தோஷம் உரைநடையிலும் உயிரோடு இருக்கிறதா? இல்லை, பாட்டோடு செத்துப்போய், திட்டுவதற்கு மட்டும்தான் அந்தச் சொல் மிஞ்சியிருக்கிறதா?

உயிரோடு இருக்கிறது என்று எனக்கு நிச்சயம். அதுதான் என் இரண்டாம் பொருள், அதற்கு இரண்டு சீட்டு வைத்திருந்தேன். ஒன்று, ஒரு தாய் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்திலிருந்து: "பிள்ளை இன்று யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்துவிட்டான். வீடே ஓர் இறுமாப்பில் இருக்கிறது." இன்னொன்று, ஒரு பந்தாட்டத்தைப் பற்றிய கட்டுரை: "தோற்றவர்கள் இறுமாப்போடு திடலைவிட்டு வெளியேறினார்கள். அவ்வளவு நன்றாக ஆடியிருந்தார்கள்." இவற்றில் எங்கே குற்றம்? யாரையாவது கீழே பார்க்கிறார்களா? இல்லையே.

மூன்றாவது வேண்டும். ஐந்தே முக்கால் மணி நேரம் இருந்தது. இந்தத் தொகுதி போனால் மறுபதிப்புக்கு இருபது வருஷமாவது ஆகும்.

சீட்டறைக்குப் போனேன். கோந்து ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். கிழிந்த சீட்டுகளை ஒட்டி வைப்பது அவன் வேலைகளில் ஒன்று. அதனால் அந்தப் பெயர். யாரையாவது பிடித்துக்கொண்டால் விடமாட்டான், அதனாலும்தான்.

"மேடம் எழுதினதைப் பார்த்தேன் அக்கா. காண்க: செருக்குன்னு போடறாங்க சரி, செருக்கு எந்தத் தொகுதியில வருது?"

"ஆறு வருஷம் கழிச்சு."

"அப்போ இறுமாப்புன்னா என்னன்னு தெரிஞ்சுக்க ஒருத்தன் ஆறு வருஷம் காத்திருக்கணுமா? அதுக்குள்ள அவனுக்கே அது வந்துடும்."

சிரிப்பு வந்தது. ஆனால் நினைப்பு வேறு எங்கோ இருந்தது. ஒரு வாக்கியம் காலையிலிருந்து உள்ளே உருண்டுகொண்டிருந்தது. முழுதாக நினைவுக்கு வரவில்லை. ஒரு பாலம். கரையில் தனியாக ஒருவர். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து, ஒரு மாலை முழுக்கக் கால் போன போக்கில் நடந்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"கோந்து, பாலம்னு ஒரு பெட்டி இருக்கா?"

"பாலம், பாலாடை, பாலை. இதோ." ஏணியிலிருந்து கிட்டத்தட்டக் குதித்தான். "என்ன தேடறோம்?"

"நான் எடுத்த சீட்டு. பாலத்தைப் பற்றினது. அதுல இறுமாப்பு வரும்."

"நிச்சயமா?"

பெட்டியைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, நிச்சயம்தான்" என்று இழுப்பறையை உருவினான்.

பாலத்தில் இல்லை. நிமிர்தலில் இல்லை. தனிமையில் இல்லை. கரையில் நூற்றுப்பன்னிரண்டு சீட்டு, அத்தனையும் கரை வேட்டி, கரை சேர்தல், கரைவலை. பன்னிரண்டரை மணிக்கு என் கை கறுத்திருந்தது. கோந்து இரண்டு தரம் தும்மினான்.

"எந்த வருஷம் எடுத்தீங்கன்னு யோசிங்க அக்கா. நாம வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிச்சுத்தானே அலையறோம். ஒரு வருஷம் மரம் செடி. ஒரு வருஷம் சண்டை. ஒரு வருஷம்..."

"உடம்பு" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். உடலுறுப்புச் சொற்களைச் சேகரித்த வருஷம். அந்த வாக்கியத்தில் ஓர் உறுப்பு இருந்தது. நெஞ்சு? இல்லை. கை? இல்லை. இன்னும் உள்ளே.

எலும்பு.

எலும்புப் பெட்டியில் முப்பதாவதோ நாற்பதாவதோ சீட்டு. என் கையெழுத்து. "எலும்பெல்லாம்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு. அதன் பக்கத்தில், கோடு போடாமல், யாரும் கண்டுகொள்ளாமல், ஏழு வருஷமாக உட்கார்ந்திருந்தது என் சொல்.

"முதல் வண்டி பாலத்தைக் கடந்தபோது நான் கரையில் தனியே நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. எலும்பெல்லாம் பாட, ஓர் இறுமாப்பில் நின்றேன்."

கோந்து அதைச் சத்தமாகப் படித்தான். படித்து முடித்து, சின்னக் குரலில், "யப்பா" என்றான்.

யாரும் பார்க்கவில்லை, யாரும் பார்க்க வேண்டாம். இதைவிடச் சுத்தமான சந்தோஷம் உண்டா? சீட்டின் மூலையில் என் பச்சைப் புள்ளி. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எல்லாருடைய சீட்டையும் இன்னொருவர் மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மேற்கோளுக்கு முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் இரண்டு வாக்கியம் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். என் சீட்டுக்கு அது கிடையாது. பல வருஷத்துக்கு முன்னால் மேடம் என் சீட்டுகளில் நூறை எடுத்துச் சோதித்தார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அன்றிலிருந்து என் சீட்டில் பச்சைப் புள்ளி, யாரும் பார்க்க வேண்டாம் என்று. அலுவலகத்தில் அது எனக்கு மட்டும்தான். அந்தப் பச்சை மையை நானே வாங்கி வைத்திருந்தேன். அலுவலக மை கொஞ்சம் வெளுப்பு.

"கொடு, பக்க எண் என்ன?" என்றேன்.

கோந்து சீட்டை இழுத்தான். அடியில் இன்னொரு சீட்டோடு ஒட்டியிருந்தது. என்றைக்கோ அவனே போட்ட பசை. அவசரத்தில் வெடுக்கென்று பிய்த்தான். சீட்டு வந்தது. பக்க எண் இருந்த மூலை வரவில்லை.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என் பேருக்கு ஏத்த வேலை பார்த்துட்டேன்" என்றான். பிறகு, "எம்பத்தி ரெண்டுன்னு போட்டுக்கலாமே அக்கா. அழகான நம்பர்."

நான் அவனைப் பார்த்தேன்.

"சும்மா சொன்னேன்."

அந்தப் புத்தகம், பாலங்கள் கட்டிய பொறியாளர் ஒருவர் வயசான காலத்தில் எழுதிய நினைவுகள். நூலகப் பதிவேட்டில் அதற்கு நேரே எழுதியிருந்தது: பைண்டிங்குக்குக் கொடுக்கப்பட்டது.

மணி ஒன்று நாற்பது. மேடத்தின் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று சொன்னேன்: "மூன்றாவது கிடைச்சாச்சு. பக்க எண் மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்." மேடம் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இவ்வளவு வேகமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"நிஜமாவா? சீட்டைக் காட்டுங்க." படித்தார். உதடு லேசாக அசைந்தது. "நல்லா இருக்கே. ரொம்ப நல்லா இருக்கே. உங்க புள்ளிதானே? அப்போ சரி. எண்ணை மட்டும் எடுத்துட்டு ஓடி வாங்க. நான் தோத்துட்டேன்னு பென்சில்ல எழுதி வைக்கிறேன்."

பைண்டர் கடை இரண்டு தெரு தள்ளி. நான் ஓடவில்லை, ஆனால் கோந்து என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

போகிற வழியில் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயசில் வகுப்பாசிரியை மதிப்பெண் அட்டையில் எழுதினார்: "படிப்பில் கெட்டி. இறுமாப்பு அதிகம்." நான் வகுப்பில் பேசமாட்டேன், அவ்வளவுதான். அப்பா அந்த அட்டையைக் கையெழுத்துப் போடாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு, "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. நான் பள்ளி அகராதியைப் பார்த்து, இருந்ததைப் படித்துக் காட்டினேன். செருக்கு. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் ஆன புதிதில் மாமியார் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே பேச்சு. அங்கே ராங்கி என்றார்கள். வாய் பேசாதவளுக்கு எல்லாரும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அட்டையில் எழுதியதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று எங்கேயாவது அச்சில் இருந்தால் போதும். இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கோந்து, "அக்கா, லாரி" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

கடையில் பசை வாடை. பைண்டர் ஒல்லியான மனிதர், கழுத்தில் ஊசி நூலோடு.

"பாலத்துப் புஸ்தகமா? பிரிச்சுப் போட்டிருக்கேன்" என்றார்.

நிஜமாகவே பிரித்துத்தான் போட்டிருந்தார். அட்டை ஒரு பக்கம், முதுகுத் துணி ஒரு பக்கம். புத்தகம் பதினாறு பதினாறு பக்க மடிப்புகளாக, அவர்கள் பாஷையில் பாரம் பாரமாக, தனித்தனியே கிடந்தது. பத்தொன்பது பாரம். பாதி மேஜை மேல், மீதி மரப்பலகைகளுக்கு நடுவில் இரும்புத் திருகால் அழுத்தியபடி.

"எதுல இருக்குன்னு தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ நீங்க பாதி, அவர் பாதி. கை ஈரமில்லாம பார்த்துக்குங்க."

மேஜையில் இருந்தவற்றில் கோந்து ஒற்றைப்படைப் பாரங்களை எடுத்துக்கொண்டான். நான் மிச்சத்தை. பொறியாளர் நன்றாக எழுதியிருந்தார், அதுதான் சங்கடம். கண் ஓட மறுத்து நின்று நின்று படித்தது. ஆற்று மணலைக் கையில் அள்ளிப் பார்த்து ஆழம் சொல்கிற ஒருவர் வந்தார். தூண் இறக்கும்போது பாடப்பட்ட பாட்டு வந்தது. வண்டி வரவில்லை. இரண்டு இருபது. இரண்டு முப்பத்தைந்து.

"அக்கா" என்றான் கோந்து. குரலே சொல்லிவிட்டது.

ஒன்பதாம் பாரத்தின் கடைசிப் பக்கம். கடைசி வரி. "எலும்பெல்லாம் பாட, ஓர் இறுமாப்பில் நின்றேன்." கீழே எண்: 144.

கோந்து கைதட்டிவிட்டான். பைண்டர் நிமிர்ந்து பார்த்துத் தானும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. நூற்று நாற்பத்து நான்கு. சீட்டில் எழுதினேன். எழுத்து என் எழுத்து மாதிரியே இல்லை.

"வாங்க வாங்க, நடந்தாலே மூணுக்குப் போயிடலாம்" என்று கோந்து வாசலுக்குப் போய்விட்டான்.

நான் பாரத்தைக் கீழே வைக்கவில்லை. மேலே இருந்த இரண்டு வாக்கியங்களைப் படித்தேன், பழக்கத்தில். வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று இருந்தது. பிறகு என் வரி. பிறகு தாளின் வெள்ளை விளிம்பு. பின்னால் இரண்டு வாக்கியம் என்பது பத்தாம் பாரத்தில். பத்தாம் பாரம் மேஜையில் இல்லை.

"பத்து எங்கே?"

"அழுத்தியில இருக்கு. கிழிசலுக்கு மெல்லிசுத் தாள் ஒட்டியிருக்கேன். நாளைக் காலைல காஞ்சுடும்."

"அக்கா, எண் கிடைச்சாச்சு" என்றான் கோந்து வாசலிலிருந்து. "உங்க சீட்டுக்கு முன்னால பின்னால யாரும் பார்க்கறதில்ல."

அது உண்மை. நான் திருகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த வரியைப் படித்த மாலையை நினைத்தேன். என்ன செய்தேன்? சீட்டில் எழுதினேன். புள்ளி வைத்தேன். புத்தகத்தை மூடினேன். நடந்தேன். மூடுவதற்கு முன் பக்கத்தைப் புரட்டினேனா?

புரட்டவில்லை. அந்த வரி அவ்வளவு பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை.

கோந்து உள்ளே வந்தான், போனான், மறுபடி வந்தான். பைண்டர் ஊசியில் நூல் கோத்தார். 

"இதைத் திறக்கணும்" என்றேன்.

"இப்போ எடுத்தா தாள் சுருங்கும்மா."

"ஒரே பக்கம். படிச்சுட்டு உடனே வச்சுடலாம்."

பைண்டர் திருகைத் தளர்த்தினார், முணுமுணுத்துக்கொண்டே. பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். பத்தாம் பாரத்தின் முதல் தாளை இரண்டு விரலால் ஓரம் பிடித்துக் காட்டினார். ஒட்டிய தாள் ஈரமாக, கண்ணாடி மாதிரி, அடியில் எழுத்து தெரிந்தது.

"அந்த இறுமாப்பில்தான், மூன்றாம் தூணின் அடியில் காலையில் நான் கண்ட வெடிப்பை ஒருவரிடமும் சொல்லாமல் விட்டேன். நான் கட்டியதில் வெடிப்பு வராது. நிழலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழைக்கு முன் தூண் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இல்லாமல் போனதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை."

கோந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். படித்து முடித்ததும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

என் இரண்டாம் பொருள் போய்விட்டது. ஆனால் அது புரிந்த கையோடு வேறொன்று மேலே வந்தது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சந்தோஷம். எப்பேர்ப்பட்ட எழுத்து இது. முந்தின பக்கத்தில் ஒரு சொல்லை மாலை போட்டு உட்கார வைத்து, பக்கம் திரும்பியதும் அதே சொல்லைக் கூண்டில் ஏற்றுகிறார் மனிதர். நடுவில் ஒரு வெள்ளை விளிம்பு மட்டும். சொல் மாறவில்லை, நிற்கிறவரும் மாறவில்லை. நிமிர்ந்த கழுத்து கீழே பார்க்காது, அவ்வளவுதான் நடந்தது. நான்கு வருஷமாக எனக்குப் பிடிபடாதது இங்கே ஈரத்தாளில் கிடந்தது. செருக்குக்குக் கீழே பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். இதற்கு யாரும் வேண்டாம். தனியாக, கரையில், எலும்பு பாடிக்கொண்டிருக்கும்போதே வரும்.

முழுவதையும் புதுச் சீட்டில் எழுதினேன். இடம் போதவில்லை. இரண்டாவது சீட்டிலும் எழுதினேன். புள்ளி வைக்கவில்லை.

இந்தத் தடவை நான் ஓடினேன். கோந்து பின்னால் நடந்துதான் வந்தான். "எதுக்கு இந்த ஓட்டம்? வாங்கிக் கட்டிக்கவா?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது.

மூணு பத்துக்கு மேடத்தின் மேஜையில் பழைய சீட்டையும் புதுச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேடம் படித்தார். பழையதை மறுபடி படித்தார். புதியதை மறுபடி.

"நீங்க நிறுத்தின இடம் பக்கத்தோட முடிவு" என்றார்.

"ஆமா. புரட்டல."

கோந்து வந்து சேர்ந்திருந்தான். "மேடம், அந்த முதல் வரியில இருக்கறது சந்தோஷம்தானே? பின்னால வர்றதுக்கு அந்த வரி என்ன பண்ணும்? அதை மட்டும் போடலாமே."

"போடலாம். படிக்கிறவன் புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கம் புரட்டினா நம்ம முகத்துல துப்புவான். பரவாயில்லையா?"

கோந்து என் பக்கம் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று.

"இது முதல் பொருளுக்குத்தான் போகணும்" என்றேன். "இரண்டாவது நிக்காது. ரெண்டு சீட்டுதான் இருக்கு."

மேடம் பென்சிலை எடுத்தார். "அப்போ நான் எழுதினது சரி. காண்க: செருக்கு."

"இல்லை."

இந்த அறையில் அந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன். நான் பேசினேன் என்பதே எனக்கு ஆச்சரியம். செருக்குக்கு இருக்கிற சீட்டுகளில் எல்லாம் எதிரே ஒரு ஆள் இருக்கிறான் என்றேன். வேலைக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், தோற்றவன். இறுமாப்பின் முதல் பொருளுக்கு இருந்த சீட்டு மூன்றையும் எடுத்து வைத்து, இதில் எதிரே யாராவது இருக்கிறார்களா பாருங்கள் என்றேன். ஒன்றில் பாடகர், கச்சேரி முடிந்து தனியறையில் சுருதி விலகியதை ஒத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றில் வைத்தியர், மருந்தை மாற்றச் சொன்ன கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். மூன்றாவது செருக்கு, அகந்தை, இறுமாப்பு என்று வெறுமனே அடுக்கிய வாக்கியம், அது போகட்டும், அதன் இடத்தில் பாலத்தை வைக்கலாம். மூன்று பேரும் தனியே இருக்கிறார்கள். மூன்று பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். சந்தோஷம் மிகுந்துபோய்ப் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுகிறார்கள். அதுதான் பொருள். அது செருக்கு இல்லை.

மேடம் சீட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி படித்தார். இப்போது காத்திருக்க வேண்டியவள் நான்.

"எழுதுங்க" என்றார். "இருபது நிமிஷம். பொருளுக்கு ரெண்டு வரிக்கு மேல கிடையாது. பாலம் முழுசா வரணும், ஒரு சொல் வெட்டக்கூடாது."

எழுதினேன், அடித்தேன், எழுதினேன். கடைசியில் நின்றது இது: "தன் செயலிலோ நிலையிலோ கொண்ட மகிழ்ச்சி அளவிறந்து, தன் பிழையைக் காண மறுக்கும் நிமிர்வு." மேடம் "அளவிறந்து" என்பதை அடித்துவிட்டு "மிகுந்து" என்று போட்டார். அவர் சொன்னது சரி.

கொழுந்தன் திரையில் வரிகளை எண்ணினான். பாலம் மட்டும் எட்டு வரி, பொருளில் கூடியது ஒன்று. "அண்ணி, நான் ஏழு வரி உண்டா இல்லையான்னு கேட்டேன். நீங்க ஒன்பது கொண்டு வந்திருக்கீங்க."

"பழைய மேற்கோள் ஒண்ணு போச்சு, இரண்டாம் பொருளும் போச்சே, அந்த இடம் இருக்கில்ல?"

"அது போச்சா?" அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வீட்டில் நான் எத்தனை தடவை அதையே நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். "பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. கடிதத்தில் நடந்த அந்தப் பிள்ளையும், தோற்ற அணியும் மறுபடி இழுப்பறைக்குள் போக வேண்டும். அது வலித்தது. ஆனாலும் இந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. மூணு ஐம்பத்தாறுக்கு அவன் பக்கத்தைப் பூட்டினான். அச்சகத்து ஆள் அதை வாங்கிக்கொண்டு, சிரிக்காமல் போனார்.

மேடத்தின் அறைக்கு மறுபடி போனேன். அவர் எதையும் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "பச்சைப் புள்ளி வேண்டாம். என் சீட்டு எல்லாத்தையும் இன்னொருத்தர் புத்தகத்தோட பார்க்கணும்."

"எத்தனை இருக்கும்?"

"பதினாறாயிரம்."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "நூறுதான் பார்த்தேன். நூறைப் பார்த்துட்டு இத்தனை வருஷம் விட்டது நான். என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கணும்." பிறகு, "யார் பார்ப்பா?"

சீட்டறையிலிருந்து கோந்துவின் குரல் வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. "எனக்கு வேற வேலை இருக்குன்னு யாரும் நினைக்கலைன்னா நான் பார்க்கறேன்."

அன்றைக்கே ஆரம்பிப்பான் என்று நான் நினைக்கவில்லை. நாலரைக்கு ஒரு தள்ளுவண்டி நிறைய நூலகப் புத்தகங்களோடு வந்தான். என் முதல் பெட்டியை எடுத்து மேஜையில் கவிழ்த்தான். ஒரு சீட்டு, ஒரு புத்தகம், முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் இரண்டு. நான் பார்க்காதமாதிரி என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

"அக்கா" என்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை வருஷம் அவன் இதற்காகவே காத்திருந்தான் போல. "இங்க ஒரு முழு வரியை விட்டிருக்கீங்க."

"எத்தனையாவது சீட்டு?"

"நாலாவது."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "படி" என்றேன். "சத்தமா."